பிக்கப் வண்டிக்கு அடியில் சத்தமா? பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்களே கண்டுபிடிக்கும் வழி

போன வருஷம் செகண்ட்ஸில் ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி மதுரை மாட்டுத்தாவணியில் இறக்குகிற வேலை. வாங்கிய இரண்டாவது மாதம் வண்டிக்கு அடியிலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது ஒரு தடவை, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது ஒரு தடவை. மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். ஐந்து வாரம் போனது, ரூ.14,600 போனது. ஷாக் அப்சர்பர் இரண்டும் மாற்றினார்கள், பின்சக்கர பேரிங் மாற்றினார்கள், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கிராஸ் (கூட்டல் குறி வடிவ இணைப்பு) தேய்ந்திருந்தது. கிராஸ் ரூ.650, கூலி ரூ.500, வேலை ஒன்றரை மணி நேரம்.

அந்த மூன்று பட்டறைக்காரர்களும் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "அண்ணே, அடியில சத்தம் வருது" என்று மட்டும்தான் நான் அவர்களிடம் சொன்னேன். எப்போது வருகிறது, எந்த வேகத்தில், லோடு இருக்கும்போதா இல்லாதபோதா என்று ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. அவர்கள் தங்களுக்குத் தோன்றியதை மாற்றிப் பார்த்தார்கள். முதல் வண்டி வாங்கியிருக்கிறவர்கள், குறிப்பாக செகண்ட்ஸில் வாங்கியிருக்கிறவர்கள், இந்தச் செலவைத் தவிர்க்கலாம். நான் சொல்வதெல்லாம் பின்சக்கரத்தில் இழுக்கிற, பின்னால் பட்டை வைத்த சாதாரண பிக்கப்புக்குப் பொருந்தும்.

1. முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

எங்கிருந்து வருகிறது என்று தேடாதீர்கள். சேஸிஸ் முழுக்க இரும்பு, முன்னால் வருகிற சத்தம் பின்னால் கேட்கும், இடப்பக்கம் வருகிறது வலப்பக்கம் கேட்கும். காதை நம்பி இடம் சொன்னால் தப்பாகத்தான் போகும். ஆனால் 'எப்போது' என்பது ஏமாற்றாது.

ஒரு நோட்டில் இரண்டு நாள் ஓட்டத்துக்கு எழுதுங்கள்: வண்டி நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது மட்டுமா? வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா, அல்லது இன்ஜின் சுற்றோடு மாறுகிறதா? கியர் போடும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, ஸ்டீயரிங் ஒடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? லோடு ஏற்றினால் கூடுகிறதா, குறைகிறதா? காலையில் முதல் பத்து நிமிஷம் மட்டுமா, வண்டி சூடானபிறகா? மழையில் ஓட்டிய மறுநாள் வந்ததா?

போனில் பதிவு செய்வது ரொம்ப உதவும். சந்தை லீவு நாளில் அதிகாலையில் ஆளில்லாத ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, 10, 15 கி.மீ. வேகத்தில் மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டு சத்தம் திரும்பி வரும், ஓட்டுகிறவர் காதுக்கே தெளிவாகக் கேட்கும். பதிவு செய்ய வேறொரு ஆள் பக்கத்தில் உட்காரட்டும். பின்னால் பாடியில் ஆளை ஏற்றி, எட்டிக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

2. சத்தத்தை எண்ணுங்கள்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் திண்டுக்கல்லில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவர். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, "டயர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள எத்தனை தடவ வருது, எண்ணிப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளுகிற வேகத்தில் உருட்டச் சொன்னார்.

கணக்கு இதுதான். பின்னச்சில் இருக்கும் கிரவுன் பினியன் என்கிற பல்சக்கர ஜோடி வேகத்தைக் குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். அதனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கைந்து சுற்று சுற்றிவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'சர்ர்' என்று உரசினால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று: டயரில் மாட்டிய கல், பிரேக் டிரம், டிஸ்க், ஹப். அதற்குள் நாலைந்து தடவை 'கிச் கிச் கிச்' என்று குருவி மாதிரி கத்தினால் அது ஷாஃப்டின் வேகம், கிரீஸ் வற்றிய கிராஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் நான் சக்கர பேரிங்குக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம் மூன்று சோதனைகள். மூன்றுக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

நிறுத்தி வைத்து நியூட்ரலில் ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அப்போதே சத்தம் வந்தால் இன்ஜின், சைலன்சர், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம்தான். கிளட்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் போகிறதா, ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். மிதித்தால் போய், விட்டால் வருகிறதா, கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பேரிங்காக இருக்கலாம்.

காலியான சமமான ரோட்டில் 40 வரை போய் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். இன்ஜின் சத்தம் அடங்கியும் அந்த ஓசை தொடர்ந்தால் ஷாஃப்ட், கிரவுன், பேரிங், டயர் இவற்றில் ஒன்று. இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. சாவியையும் அணைக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

மூன்றாவது, 'ஊம்ம்ம்' என்று உறுமுகிற சத்தத்துக்கு. நல்ல அகலமான இடத்தில் மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க பேரிங்தான் சந்தேகத்துக்குரியது. வளைத்தும் மாறவில்லை, ஆனால் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு வந்ததும் சத்தம் மாறுகிறது என்றால் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு நூறு இருநூறுதான் செலவு, பேரிங் மாற்றுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

3. காசே ஆகாத காரணங்களை முதலில் தள்ளுங்கள்

இவற்றைப் பார்க்க பத்து நிமிஷம் போதும். பிக்கப்பில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது. சங்கிலி தளர்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டம் டம்' என்று சேஸிஸில் மோதும், கேட்டால் பட்டை உடைந்த மாதிரியே இருக்கும். கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடவே கூடாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், சீட்டுக்கு அடியில் கிடக்கிற இரும்புச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். பின்கதவுக் கொக்கி, பக்கக் கதவுச் சங்கிலி, பாடியைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட் எல்லாம் காலி வண்டியில் கடகடக்கும், லோடு ஏற்றினால் அடங்கிவிடும்.

ஒரு குறிப்பிட்ட இன்ஜின் சுற்றில் மட்டும் 'ஸ்ஸ்ர்ர்' என்று தகரம் அதிர்கிற மாதிரி கேட்டால் சைலன்சர் மேல் இருக்கும் தகடு. காலையில் ஆறிய சைலன்சரைக் கைமுஷ்டியால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும். ஒரு கிளாம்ப் போட்டால் முடிந்தது. ஜல்லி ரோட்டில் போய் வந்த பிறகு திடீரென்று 'கிரீச்'சென்று காது கிழிகிறதா, டிஸ்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். பத்தடி ரிவர்ஸில் வந்து மறுபடி முன்னால் போனால் பல நேரம் விழுந்துவிடும்.

4. அடியில் படுப்பதற்கு முன்

இதில் அவசரமே வேண்டாம். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக்கூடாது. நான் விட்டிருக்கிறேன், இனிமேல் விடமாட்டேன். சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். வண்டியைத் தூக்காமலே, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, அடியில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம். பிக்கப்பில் அந்த அளவுக்கு உயரம் இருக்கிறது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ அச்சுக்கு அடியில் கொடுத்து, வண்டியை அதன்மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், நொறுங்கிவிடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அணைக்கட்டை கொடுங்கள். சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

5. அடியில் என்ன பார்ப்பது

ஷாஃப்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கியர் போடும்போது வருகிற 'டக்' பெரும்பாலும் இங்கேதான். சக்கரங்களுக்கு அணை கொடுத்துவிட்டு நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கிராஸுக்கு ஒரு பக்கம் ஷாஃப்டை ஒரு கையாலும் மறுபக்கம் யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) இன்னொரு கையாலும் பிடித்து, துணி பிழிகிற மாதிரி எதிரெதிராக முறுக்குங்கள். அப்புறம் மேலும் கீழும் ஆட்டுங்கள். நடுவில் துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. ஷாஃப்ட் முழுவதும் சேர்ந்து கொஞ்சம் சுற்றுவது வேறு, அது கிரவுன் பல்லுக்கு இடையில் இருக்கிற இடைவெளி, ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

கிராஸின் நான்கு கால்முனையிலும் இருக்கும் மூடிகளைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் பின்பக்கக் கிராஸின் ஒரு மூடியைச் சுற்றி மட்டும் செங்கல் தூள் மாதிரி காய்ந்த சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. மற்ற மூன்றிலும் கறுப்பு கிரீஸ். லாக்கைக் கழற்றி மூடியைத் தட்டி எடுத்தபோது உள்ளே வரிசையாக நிற்க வேண்டிய ஊசி பேரிங்குகள் பாதி இல்லை; மிச்சம் இருந்தவை துருப்பிடித்துக் குருணையாகக் கொட்டின. கிராஸின் காலில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. மூன்று பட்டறையிலும் யாரும் டார்ச் அடித்துப் பார்க்காத இடம் அது. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங்கும் அதைத் தாங்குகிற ரப்பரும் இருக்கும். ரப்பர் கிழிந்திருந்தால் வண்டியை எடுக்கும்போது தரையே அதிர்கிற மாதிரி இருக்கும்.

அடுத்தது பட்டை. பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்', லோடில் கூடுகிற சத்தம், இதெல்லாம் இங்கே. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷாக்கிளின் புஷ்ஷை ஒரு கடப்பாரையால் லேசாக நெம்பினால் ஆட்டம் தெரியும். பட்டைகளைத் துணியால் துடைத்துவிட்டு பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் பக்கமும், முனையில் வளையமாக இருக்கிற கண் பக்கமும் பாருங்கள், விரிசல் இருந்தால் மெல்லிய துருக்கோடாகத் தெரியும். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் நட்டைச் சுற்றித் துருநீர் வழிந்த தடமோ, பளபளவென்று உரசிய தடமோ இருந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த யூ போல்டோடு லோடு ஏற்றி ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகர்ந்துவிடும். டேப் எடுத்து, பட்டையின் முன்முனைக் கண்ணில் இருக்கும் பின்னிலிருந்து அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கியிருந்தால் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங், முன்சக்கரமாக இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்னாகவும் இருக்கலாம். முன்சக்கரம் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆடுகிறது என்றால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்ட்.

கிரவுன் ஓசை தனி ரகம். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. உடனே கிரவுன் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்: சமதரையில் நிறுத்தி நிரப்பும் பிளக்கைத் திறந்தால் துளையின் அடிவிளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். வடிக்கும் பிளக்கில் மெல்லிய பொடி ஒட்டியிருப்பது பரவாயில்லை, பல் துண்டு மாதிரி இரும்புச் சில்லு வந்தால் பரவாயில்லை என்று விட முடியாது.

6. எந்தச் சத்தத்தோடு ஓட்டக் கூடாது

சைலன்சர் தகடு, பாடி கடகடப்பு, பட்டை கிறீச்சிடுவது, இவையெல்லாம் வாரக்கடைசி வரை பொறுக்கும். ஆட்டம் கண்ட கிராஸ், தளர்ந்த யூ போல்ட், சக்கரத்தில் ஆட்டம், டை ராடு ஆட்டம், பிரேக் மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசுகிற 'கர்ர்', ஓடி நின்றதும் ஒரு ஹப் மட்டும் கை நெருங்க முடியாத சூடு, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு லோடு பிடிக்காதீர்கள். கிராஸ் ஓடும்போது உடைந்தால் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தும். ஒரு நாள் வாடகை போகட்டும்.

7. பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டியவை

எழுதிய நோட்டு, போனில் பதிவு, ஆர்.சி. நகல், முன்பு செய்த வேலைகளின் பில். வண்டி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் புத்தகமும் வாரண்டி அட்டையும். வெளியில் கழற்றுவதற்கு முன் அங்கே காட்டிவிடுங்கள், கழற்றிய பிறகு போனால் தகராறுதான்.

இன்சூரன்ஸ் கொடுப்பார்களா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தேய்மானத்துக்கும் தானாகப் பழுதானதற்கும் வழக்கமான பாலிசியில் கிடையாது. கல்லிலோ சென்டர் மீடியனிலோ இடித்து ஷாஃப்ட் வளைந்தது, அச்சு வளைந்தது என்றால் சொந்தச் சேதக் காப்பீடு இருந்தால் கேட்கலாம். அந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், சர்வேயர் பார்க்கும்வரை கழற்ற விடாதீர்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு 50 சதவீதம் பிடிப்பார்கள்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். தேதிக்கு ஒரு மாதம் முன்பே அடிப்பக்க வேலைகளை முடித்துவிட்டால் எஃப்.சி. நேரத்தில் அவசரக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இது போயிருக்குன்னு எனக்கு ஆட்டிக் காட்டுங்கண்ணே." ஆட்டிக் காட்ட முடியாத பாகத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. செலவும் நேரமும், அதில் இருக்கும் பொறிகளும்

கிராஸ் வாங்கப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், மூடியின் விட்டமும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். டப்பாவில் அச்சிட்ட எம்.ஆர்.பி. பாருங்கள், பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், இன்னும் 28 போடுகிற கடையில் வாங்காதீர்கள்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது, நான் மாட்டினேன். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். எங்கே இருந்ததோ அதே நிலையில் திரும்ப மாட்ட வேண்டும். என் வண்டியில் கோடு போடாமல் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். 'டக்' போய்விட்டது, ஆனால் 60-ஐத் தாண்டினால் சீட்டு வரை அதிர்வு. திண்டுக்கல் பெரியவர் அடியில் எட்டிப் பார்த்ததும், இரண்டு யோக்கும் ஒரே நேரில் இல்லை என்று காட்டினார். கழற்றித் திருப்பி மாட்ட ரூ.400 ஆனது. அப்போதும் அதிர்வு இருந்திருந்தால் பேலன்சிங் பார்க்க அரை நாள் ஆகும் என்றார், நல்லவேளை தேவைப்படவில்லை.

இன்னொன்று, வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கிற வழக்கம். இரண்டு நாளைக்குச் சத்தம் அடங்கும். ஆனால் ஆயில் பட்ட ரப்பர் புஷ் உப்பிப் பிய்ந்துவிடும், சத்தத்தின் காரணமும் மறைந்துவிடும். செகண்ட்ஸ் வண்டி பார்க்கப் போகும்போது அடிப்பக்கம் முழுக்க ஈரமாக ஆயில் மின்னினால் வேறொரு நாள் காய்ந்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

9. வேலை முடிந்த பிறகு

பட்டறை வாசலிலேயே பணம் கொடுத்துவிட்டு வராதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டில் எழுதியிருக்கிற அதே வேகம், அதே கியர், அதே பள்ளத்தில் ஓட்டிக் காட்டுங்கள். முடிந்தால் மறுநாள் லோடோடு ஒருமுறை. கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், கிரீஸ் கன் எட்டுகிற பக்கமாக அது திரும்பியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உள்பக்கம் திரும்பியிருந்தால் அதற்குப் பிறகு யாரும் கிரீஸ் அடிக்க மாட்டார்கள். யூ போல்ட் கழற்றி மாட்டியிருந்தால் சில நூறு கி.மீ. ஓடியதும் லோடு இல்லாமல் போய் நட்டுகளை ஒருமுறை முடுக்கிக்கொள்ளுங்கள், புதுப் பட்டை உட்கார்ந்ததும் அவை தளரும். நான் இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு அடியில் படுத்து, நான்கு மூடியையும் பார்த்துவிட்டுத்தான் திங்கட்கிழமை லோடு பிடிக்கிறேன்.